வெறும் ஏதனம்

4 மார்ச் 2025, செவ்வாய்

இன்று நான் வேலை பார்க்கிற நூலகத்துக்குப் புதுப் புத்தகப் பெட்டி வந்தது. உடைத்துப் பார்த்தால் மூன்றாவதாக என் புத்தகம். அது என்னுடையது என்று இந்தச் சரவணை ஊரில் எனக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். அட்டையில் 'ஓலைப்பெட்டியும் ஒரு தாலிக்கொடியும்' என்றும் கீழே 'சோழகன்' என்றும் இருக்கிறது. நானே இலக்கம் போட்டேன். நானே முத்திரை குத்தினேன். நானே திகதித் துண்டு ஒட்டினேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போய், 'தாய் ஆர்?' என்று கேட்டபோது தெரியாது என்று சொன்ன மாதிரி இருந்தது.

புத்தகத் தட்டில் வைக்கக் கை வரவில்லை. முதலில் சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்தேன். பிறகு வெட்கமாகப் போய்விட்டது. எடுத்து முன்தட்டில் நிமிர்த்தி வைத்தேன்.

அரை மணித்தியாலம் போகவில்லை, பாலசிங்கம் மாஸ்டர் வந்தார். கணக்குப் படிப்பித்து இளைப்பாறியவர், எங்கள் வாசகர் வட்டத் தலைவர். நேரே அதைத்தான் தூக்கினார்.

"இதென்ன பிள்ளை, துப்பறியிற கதையோ? எப்பிடி?"

"தெரியாது மாஸ்டர், நான் இன்னும் பாக்கேல்லை."

என்ன வாய் எனக்கு! மூன்று வருசமாக இரவும் பகலும் பார்த்த ஒன்றை!

5 மார்ச்

இவரைக் கேட்டேன், எதுமட்டும் வாசித்திருக்கிறீர்கள் என்று. கையெழுத்துப் பிரதியில் இருபத்திமூன்றாம் பக்கமாம். அதிலே பஸ் ரிக்கற் செருகியிருக்கிறது. தைப்பொங்கலுக்கும் அந்த ரிக்கற் அங்கேதான் இருந்தது.

நான் எழுதும்போது "எழுதும், எழுதும்" என்று நின்றவர். யாழ்ப்பாணத்து அச்சகத்துக்கு மழையிலே ஏறி இறங்கினவர். எல்லாம் சரி. வாசிக்கிறது மட்டும் ஏலாதாம், நித்திரை வருகுதாம். துப்பறியும் கதைக்கு நித்திரை வருகிற மனுசனை வேறெங்கே தேடிப் பிடிப்பது?

7 மார்ச், வெள்ளி

மாஸ்டர் முடித்துவிட்டார். திருப்பிக் கொடுக்க வந்தவர் வாசலில் மேரிசுகந்தியைக் கண்டு முழுக்கதையும் அவிழ்த்துவிட்டார். மேரிசுகந்தி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரித் தாதி. பஸ்ஸிலேயே கிழமைக்கு இரண்டு புத்தகம் முடிக்கிறவள்.

"நயினாதீவு இறங்குதுறையிலை பவளம் எண்டொருத்தி கைப்பணிக் கடை வைச்சிருக்கிறாள். பெட்டி, கடகம், ஊசி, நூல். கலியாணத்துக்கு முதல்நாள் ஒரு வீட்டிலை தாலிக்கொடி காணாமல் போகுது. பொலிஸ் வேலைக்காரனைப் பிடிக்குது. பவளம் என்ன செய்யிறாள்? பெட்டி விக்கிற சாட்டிலை வீடு வீடாப் போறாள். கடைசியிலை பாத்தா, பெண்ணின்ர பெரியதாய் செல்லம்மா! எப்பிடிப் பிடிச்சவள் தெரியுமோ? பலகாரம் குடுத்தனுப்பின ஏதனத்தை, அந்தப் பாத்திரத்தைச் செல்லம்மா வெறுமையாத் திருப்பிக் குடுத்தவள். பிறந்த நாள் தொடக்கம் வெறும் ஏதனம் குடுக்காத மனுசி. அப்ப மனம் அவளிட்டை இல்லை, களவிலை நிக்குது!"

"மாஸ்டர், நான் இனி என்னத்தை வாசிக்கிறது?" என்றாள் மேரிசுகந்தி.

"நடையை வாசி. ஆம்பிளை எழுத்து. ஒரு சொல் கூடக் குறையக் கிடையாது."

ஆம்பிளை எழுத்தாம். நான் மேசைக்குக் கீழே குனிந்து விழாத பேனையைத் தேடினேன். சிரிப்பா, கோபமா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

13 மார்ச், பூரணைப் போயா

நான் பயந்தது நடந்தது. மாமி வாசிக்கிறா.

இந்தக் குறிப்பேட்டில் ஒளிக்க என்ன இருக்கிறது? பவளம் என்பவள் இவரைப் பெற்ற என் மாமிதான். மாமிக்கு எங்கள் வீட்டு முகப்பிலேயே கைப்பணிக் கடை இருக்கிறது. குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிற பஸ் எல்லாம் அதைத் தாண்டித்தான் போகும். மாமி ஒரு பெட்டியை விற்க முதல் வந்தவரின் ஊர், பேர், கலியாணம், வருத்தம் எல்லாம் கறந்துவிடுவா. கடையைத் தூக்கி நயினாதீவில் வைத்தேன், உடம்பைக் கொஞ்சம் மெலியவைத்தேன், மூக்குத்தியைக் கழற்றினேன். மிச்சம் அப்படியே என் மாமி மீனலோசனி. புனைபெயர் வைத்ததே அதனால்தான். காரைநகரிலிருந்து கலியாணம் கட்டி வந்து பன்னிரண்டு வருசம். மாமியை ஊர்க்கதை கறக்கிற விடுப்புக்காரி என்று புத்தகம் போட்டவள் என்ற பேர் எனக்கு வேண்டாம்.

பின்னேரம் கடைக்குத் தேத்தண்ணி கொண்டு போனேன். மூக்கிலே கண்ணாடி, மடியிலே புத்தகம், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எப்பிடி மாமி கதை?"

"உந்தப் பவளம் கடையைத் திறந்து போட்டிட்டு ஊர் சுத்துறாள். யாவாரம் ஆர் பாக்கிறது?"

அவ்வளவுதான். திரும்பவும் வாசிக்கத் தொடங்கிவிட்டா.

17 மார்ச், திங்கள்

மேரிசுகந்தியின் விமர்சனம், ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல்:

"நல்லாத்தான் இருக்கு அக்கா. ஆனா ஒருத்தரும் சாகேல்லை. ஒரு கிழவனையாவது சாக்காட்டியிருக்கலாம்."

தாதி பேசுகிற பேச்சா இது! சிரித்து முடிக்க முதல் அடுத்ததைப் போட்டாள்.

"இன்னொண்டு. பவளம் ஆரின்ரையும் ஏதனத்தைத் திருப்பிக் குடுக்கேக்கை ஒரு நெட்டுக் கறிவேப்பிலை போட்டுக் குடுக்கிறாள். எங்கட பக்கம் சீனி போடுவம், முட்டை போடுவம், ரெண்டு மாங்காய் போடுவம். கறிவேப்பிலை ஆர் போடுறது?"

பக்கத்தில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த மாஸ்டர் மெல்ல நிமிர்ந்தார்.

"மீனலோசனி போடுறவ."

கறிவேப்பிலை! மூக்குத்தியைக் கழற்றத் தெரிந்தவளுக்குக் கறிவேப்பிலையைப் பிடுங்கத் தெரியவில்லை. நான் வந்த நாளிலிருந்து பார்க்கிறது, எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

18 மார்ச்

ஊர் தீர்ப்பு வழங்கிவிட்டது. சோழகன் என்பது மீனலோசனி.

"கைப்பணிக் கடைக்காரி தன்னையே கெட்டிக்காரி எண்டு எழுதி வைச்சிருக்கிறாள்" என்று சந்தையிலே கதையாம். மாஸ்டர் இப்போது, "நான் அப்பவே சொன்னனான், கொஞ்சம் பொம்பிளை எழுத்தும் கலந்திருக்கெண்டு" என்கிறாராம். எப்ப சொன்னவர்?

19 மார்ச், புதன்

மாமி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கேட்கிறவர்களுக்கு ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்போடு ஒரு பெட்டியையும் கட்டிக் கொடுத்துவிடுகிறா. நயினாதீவுக்குப் போகிற சனம் வான் வண்டியை நிற்பாட்டி, "எழுத்தாளர் அம்மா கடை இதோ?" என்று இறங்குகிறது. இன்று இரண்டு பேர் கூடநின்று படம் எடுத்தார்கள். மாமி மூக்குத்தியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நின்றா.

எரிச்சல் வருகுது. சொன்னால் என்ன, வெட்கமா? வருகுதுதான்! மூண்டு வருசம் குசினி வேலை முடிச்சு, கண் எரிய எரிய நான் எழுதினனான். படத்துக்கு நிக்கிறது அவ. நானோ அந்தப் படத்தைப் பிடிச்சுக் குடுக்கிறன், "அம்மா கொஞ்சம் இஞ்சாலை திரும்புங்கோ" எண்டு.

இவரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கிறார். சரி, நீங்களாவது மிச்சத்தை வாசியுங்கோ என்றேன். "ஓம் ஓம், ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

22 மார்ச், சனி

சிவக்கொழுந்தக்கா பொட்டை அடைத்துவிட்டா.

அவ பக்கத்து வளவு. மாமியின் வயதுதான், ஆனாலும் ஊருக்கே அக்கா. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஓலைவேலி, அதிலே ஆள் புகுந்து வரக்கூடியதாக ஒரு பொட்டு. நாலு மணியானால் மாமி அந்தப் பக்கம் போவா, இல்லாவிட்டால் அக்கா இந்தப் பக்கம் வருவா. தேத்தண்ணி அந்தப் பொட்டடியில்தான். நாற்பது வருசப் பழக்கம். யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோதுகூட, வேலியை அடைத்தவர்கள் பொட்டை விட்டுவிட்டுத்தான் அடைத்தார்களாம்.

இன்று காலை பார்க்கிறேன், பனைமட்டை குறுக்கே வைத்து வரிந்து கட்டியிருக்கிறது. புதுக் கயிறு.

மாமி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "சிவக்கொழுந்து, என்னடி இது?" என்றா.

அந்தப் பக்கத்தில் இருந்து குரல் மட்டும் வந்தது. "நான் செல்லம்மா. கள்ளி. கள்ளி வீட்டுக்கு உமக்கென்ன வழி?"

மாமி பனைமட்டையை ஒரு தரம் தொட்டுப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனா. குற்றம் என்னுடையது. ஏனென்றால் அந்த வெறும் ஏதனம் நான் கற்பனையில் செய்ததில்லை. போன வருசத்துக்கு முந்தின ஆடிப்பிறப்புக்கு மாமி கொழுக்கட்டை அவித்துச் சிவக்கொழுந்தக்காவுக்குக் கொடுத்தவ. நான் அப்போது காரைநகரில், அம்மாவோடு. திரும்பி வந்த அன்று குசினியில் மாமி சொன்னா: "சிவக்கொழுந்து ஏதனத்தை வெறுமையாத் தந்திட்டாள், பாத்தியே. ஒரு நாளும் இல்லாமல். மனம் சரியில்லைப் போலை." அவ்வளவுதான் சொன்னவ. பேந்து ஒரு நாளும் அதைக் கதைத்ததே இல்லை. நான்தான் மண்டைக்குள்ளே கொண்டு திரிந்து, ஒரு மனுசியை எழுப்பி, கையிலே தாலிக்கொடியைக் கொடுத்துக் கள்ளி ஆக்கினேன்.

அக்காவைப் பொறுத்தவரை அது தெரிந்த ஆள் மாமி மட்டும்தான். அப்ப எழுதினதும் மாமிதான். பிழை சொல்ல ஏலுமோ?

23 மார்ச்

மாமி இன்று கடை திறக்கவில்லை. நாலு மணிக்குத் தேத்தண்ணியை எடுத்துக்கொண்டு பழக்கத்தில் வேலியடி மட்டும் போனவ, திரும்பி வந்து குசினிக் கதிரையில் இருந்து குடித்தா. பார்க்க முடியவில்லை.

26 மார்ச், புதன்

சொல்லிவிட்டேன்.

கடையில் ஆளில்லாத நேரம் பார்த்துப் போனேன். மாமி நூல் பந்துகளை நிறம் நிறமாகப் பிரித்துக்கொண்டிருந்தா. "மாமி, அந்தப் புத்தகம்..." என்று தொடங்கினேன். "அது நான் எழுதினது."

"ஓம்" என்றா. நிமிரவும் இல்லை.

"தெரியுமோ?"

"பவளம் ஊசியிலை நூல் கோக்கேக்கை மூச்சைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாளாம். வாசிச்சுப்போட்டு நானும் கோத்துப் பாத்தன். மெய்தான், பிடிக்கிறன். கடைக்கு வாறவை சாமானைப் பாப்பினம். என்னைப் பாக்கிறவள் நீ ஒருத்திதான்."

நான் அழத் தொடங்கிவிட்டேன். விசரி மாதிரி, மாமியின் நீல நூலை எடுத்து மூக்கைத் துடைத்தேன்.

"பேந்து ஏன் மாமி இல்லையெண்டு சொல்லேல்லை? நான் பொறாமையிலை செத்தனான்!"

"முதல்லை சந்தோசப் புழுகமாத்தான் இருந்தது, பொய் ஏன். படமெல்லாம் எடுக்குதுகள்." சிரித்தா. பிறகு சிரிப்பு நின்றது. "சிவக்கொழுந்து பொட்டை அடைச்ச பிறகு, நீ எண்டு எப்பிடிச் சொல்லுறது? என்னோடை கோவிச்சா எண்டைக்கோ ஒரு நாள் ஆறுவாள். உன்னோடை எண்டா ஆறாது. பிறகும் அந்த ஏதனக் கதை என்ர வாயாலைதானே வந்தது? வாய் என்ர. கைதான் உன்ர."

இரண்டு பேரும் இருந்து நூல் பிரித்தோம். நான் ஊதாவையும் கத்தரிப்பூவையும் கலந்துவிட்டேன். மாமி திரும்பப் பிரித்தா.

நான் போய்ச் சிவக்கொழுந்தக்காவிடம் சொல்லத்தான் வேணும்.

27 மார்ச்

போகவில்லை. பயம்.

29 மார்ச், சனி

போனேன். பொட்டு அடைத்தபடியால் றோட்டாலே சுற்றி, கோயிலடி தாண்டி, படலையால் போக வேண்டியிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீட்டுக்குக் குடை பிடித்துக்கொண்டு போனேன்!

முற்றத்தில் ஓலை வார்ந்துகொண்டிருந்தா. நான் நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினேன். எழுதினது நான், மாமி இல்லை, என்னைப் பேசுங்கோ, அடியுங்கோ, மாமியோடு கதையுங்கோ என்று.

அக்கா கத்தியைக் கீழே வைத்தா.

"நீரோ? நூலகத்துப் பிள்ளையோ?" மடியில் கிடந்த ஓலைத் தும்பைத் தட்டிவிட்டா. "கள்ளி எண்டு எழுதினனீர். தாலிக்கொடி களவெடுத்தவள் எண்டு எழுதினனீர். உதெல்லாம் கதை, எனக்கு விளங்காதோ? அதுக்கு எனக்குக் கோவமில்லை."

"அப்ப...?"

"வெறும் ஏதனம் குடுத்தவள் எண்டு எழுதினீரே!" கண் கலங்கிப் போனது மனுசிக்கு. "நானோ? நான் வெறும் ஏதனம் குடுத்தனானோ? ஊர் விட்டு ஊர் ஓடித் திரியேக்கைகூட ஒருத்தற்றை ஏதனத்தை வெறுமையாக் குடுக்காத ஆள் நான்!"

"அண்டைக்கு ஆடிப்பிறப்புக்கு மாமி தந்த..."

"ஓம், கொழுக்கட்டை ஏதனம். பனங்கட்டிக் குட்டான் ஒண்டு போட்டுத் தந்தனான். என்ர கையாலை ஓலையிலை இழைச்ச குட்டான், உள்ளுக்கு இனிப்புப் பனங்கட்டி. சிவப்பு நூல் கட்டினது. அதுவும் உம்மட மாமியிட்டை வேண்டின நூல்!"

"மாமியின்ர கையிலையோ குடுத்தனீங்கள்?"

"பொட்டடியிலை உம்மட மனுசன் நிண்டவர். அவரின்ர கையிலை."

ஐயோ.

ஐயோ, ஐயோ. டொக்டர் இவருக்குச் சீனி வருத்தம் என்று சொன்னது அந்த வருசம் வைகாசியில். மாமி அன்றிலிருந்து வீட்டில் சீனிப் போத்தலைப் பூட்டி வைத்தவ.

"அக்கா, நான் பேந்து வாறன்" என்று குடையையும் விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

அதே நாள், பின்னேரம்

மாமியிடம் சொன்னதும் மாமி கொஞ்சம் யோசித்தா. பிறகு எழும்பிக் கொட்டிலுக்கு நடந்தா. நான் பின்னாலே.

"குட்டான் வடிவா இழைச்ச சாமான். எறியமாட்டான். ஆணி போட்டு வைப்பான், பார்."

மோட்டச்சைக்கிள் சாமான் பெட்டியைத் திறந்தா. திறப்பு, நெட்டு, பழைய பிளக்கு, அடியிலே ஒரு சின்ன ஓலைக் குட்டான். உள்ளே முழுக்க ஆணி. கழுத்தில் வெளிறின சிவப்பு நூல்.

மாமி அதைத் தூக்கி மணந்து பார்த்தா. "ரெண்டு வருசமாகப் போகுது, இன்னும் இனிப்பு மணக்குது" என்றா. பெற்ற பிள்ளையைக் கையும் களவுமாகப் பிடித்த தாய்க்கு அப்படி ஒரு சந்தோசமா! பவளம்கூட என் புத்தகத்தில் இவ்வளவு கெதியாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். இவர் கை கழுவிக்கொண்டு வந்து இருந்தார். மாமி தண்ணிக் கோப்பைக்குப் பக்கத்தில் குட்டானை வைத்தா.

"தம்பி, இது எங்காலை?"

"எது? ஓ, உதுவோ. கடையிலை வேண்டினது."

"எந்தக் கடை?"

"குறிகட்டுவானிலை."

"என்ர சிவப்பு நூலைக் குறிகட்டுவானிலை ஆரடா விக்கிறது?"

இவர் பிடித்த புட்டு கையிலேயே நின்றது. என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"சிவக்கொழுந்தக்கா தந்தவ" என்றார் மெதுவாக. "பொட்டிலையிருந்து குசினிக்கு வாற வழியிலை கிணத்தடி. கிணத்தடியிலை கொஞ்சம் நிண்டனான்."

"எல்லாத்தையும் திண்டிட்டியோ?"

"அப்ப ரெண்டு மாசமா இனிப்புக் கண்ணிலை காட்டேல்லை நீங்கள்! ஒரு துண்டு எண்டுதான் அம்மா தொடங்கினனான்."

"ஏன் சொல்லேல்லை?" என்று நான் கத்தினேன். "இவ்வளவு நாளும்!"

"ஆரும் கேக்கேல்லையே!"

அதுதான் உண்மை. ஒருவரும் கேட்கவில்லை. ஏதனத்துக்குள் என்ன போட்டனீர் என்று ஆராவது வாய் விட்டுக் கேட்பார்களா? வந்ததைப் பார்ப்போம், வராததை மனதில் வைத்துக்கொள்வோம். மாமி மனதில் வைத்தா. நான் புத்தகத்தில் வைத்தேன்.

"உதுக்கு ஏன் இப்ப இந்தப் பாடு?" என்றார் இவர். "வெறும் ஏதனம் எண்டு புத்தகத்திலையும் எழுதியிருக்கிறீரோ?"

மாமி என்னைப் பார்த்தா. நான் மாமியைப் பார்த்தேன்.

இருபத்திமூன்றாம் பக்கம்! இந்த மனுசன் இன்னும் கொஞ்சம் புரட்டியிருந்தால் கையெழுத்துப் பிரதியிலேயே சொல்லியிருப்பாரே! கோதாரி! வந்த கோபத்துக்கு அவருடைய புட்டுக் கோப்பையைப் பிடுங்கிக்கொண்டு எழும்பினேன். அதற்குள் சிரிப்பு வந்துவிட்டது. மாமிக்கும் வந்துவிட்டது. இவர் மட்டும் சிரிக்காமல், "அம்மா, புட்டு" என்று கொண்டிருந்தார்.

31 மார்ச்

இவர் முழுப்புத்தகத்தையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். விமர்சனம்: "செல்லம்மா பாவம். அவளை விட்டிருக்கலாம்."

2 ஏப்ரல், புதன்

மாமியும் இவரும் நானும் குட்டானோடு றோட்டால் சுற்றிப் போனோம். இவர் சொல்லி முடிக்குமட்டும் சிவக்கொழுந்தக்கா முகம் அசையவில்லை. மாமி, "நான் உன்னட்டைக் கேட்டிருக்கோணும்" என்றா. அக்கா, "அது ஆராவது கேக்கிற விசயமோ" என்றா. அதோடு அவர்கள் இரண்டு பேருக்கும் சரி.

எனக்குத்தான் இன்னும் சரியில்லை. அக்கா என் பக்கம் திரும்பினா.

"எங்களுக்குள்ளை தெரிஞ்சு போதாது பிள்ளை. ஊர் முழுக்க மாஸ்டர் சொல்லித் திரியிறார், பவளம் மீனலோசனி எண்டா செல்லம்மா பக்கத்து வளவுச் சிவக்கொழுந்துதான் எண்டு. ஊருக்கு முன்னாலை சொல்லும். பொட்டு அதுக்குப் பிறகு."

வாசகர் வட்டம் வருகிற போயாவுக்கு. அன்றைக்கு எடுத்திருக்கிற புத்தகமே என்னுடையதுதான். 'எழுத்தாளர் மீனலோசனி அவர்களைக் கௌரவித்தல்' என்று மாஸ்டர் பொன்னாடை வேறு வாங்கிவிட்டாராம்.

11 ஏப்ரல்

நாளைக்கு. இரண்டு தடவை பேசிப் பார்த்தேன், இரண்டு தடவையும் கோழிகள் மட்டும் கேட்டன. சனம் என்னைப் பேசட்டும், எழுதினதைக் கிழித்து எறியட்டும், ஆனால் மாமி அந்தக் குசினிக் கதிரையில் இனி ஒரு நாளும் தனியாக இருந்து தேத்தண்ணி குடிக்கக்கூடாது.

12 ஏப்ரல், போயா

மண்டபம் நிறைந்துவிட்டது. வழமையாக ஒன்பது பேர் வருவார்கள். இன்று கதிரை காணாமல் வாங்கு இழுத்துப் போட்டோம். சிவக்கொழுந்தக்கா கடைசி வரிசையில், மடியில் கைவைத்துக்கொண்டு.

மாஸ்டர் அரை மணித்தியாலம் பேசினார். பிறகு பொன்னாடையைத் தூக்கி, "மீனலோசனி அவர்கள்!" என்றார். மாமி எழும்பி நடந்து போய்ப் பொன்னாடையை வாங்கினா. வாங்கி, என்னிடம் கொண்டு வந்தா.

"எழும்பு பிள்ளை."

எழும்பினேன். ஆயத்தப்படுத்தினது ஒன்றும் வரவில்லை. "சோழகன் நான்தான்" என்றேன். "பவளம் மாமி. கறிவேப்பிலை மாமியின்ர. செல்லம்மா ஒருத்தரும் இல்லை. செல்லம்மாவை நான் பிழையா எழுதிப்போட்டன். சிவக்கொழுந்தக்கா ஒருநாளும் வெறும் ஏதனம் குடுத்த ஆள் இல்லை. உண்மையான கள்ளன் உதிலை இருக்கிறார்."

எல்லாத் தலையும் திரும்பியது. இவர் எழும்பி நின்றார். கையிலே குட்டான். பாவம், காது எல்லாம் சிவந்திருந்தது.

"பனங்கட்டி நான் திண்டனான்" என்றார்.

மண்டபம் சிரிப்பில் வெடித்தது. மேரிசுகந்தி வாங்கில் தட்டித் தட்டிச் சிரித்துவிட்டு, திடீரென்று தாதியாகி, "அண்ணை, கடைசியாச் சீனி எப்ப பாத்தனீங்கள்? திங்கக்கிழமை வெறும் வயித்தோடை வாங்கோ" என்றாள். இவர் பொத்தென்று இருந்தார்.

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். "ஆம்பிளை எழுத்து எண்டு நான் சொன்னது..." என்று தொடங்கி, முடிக்கத் தெரியாமல், "உம்மட்டை அண்டைக்குக் கேட்டனான், பாக்கேல்லை எண்டனீர்!" என்று என்னிலேயே பாய்ந்தார். நியாயம்தான். மன்னிப்புக் கேட்டேன்.

கடைசி வரிசையைப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தேன். சிவக்கொழுந்தக்கா சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறா. அழுகை என்று நினைத்து ஓடினேன். சிரிக்கிறா மனுசி!

14 ஏப்ரல், வருசப்பிறப்பு

காலையில் கிணற்றடிக்குப் போனேன். பனைமட்டை இல்லை. கயிறும் இல்லை. பொட்டால் அந்தப் பக்கத்து முற்றம் தெரிந்தது, கூட்டிக் கோலம் போட்டிருந்தது.

நாலு மணிக்கு இரண்டு பேரும் பொட்டடியில். நான் பலகாரம் கொண்டு போனேன். சிவக்கொழுந்தக்கா என்னை இருக்கச் சொன்னா.

"அடுத்த கதையிலை என்னைக் கொலைகாரி ஆக்கினாலும் பரவாயில்லை. ஆனா ஏதனம் கவனம்."

"சரி அக்கா."

"ஒண்டு சொல்லுறன், சிரிக்கக்கூடாது. நான் உந்தப் புத்தகத்தை இன்னும் வாசிக்கேல்லை. மாஸ்டர் கடையடியிலை சொன்னதைக் கேட்டுத்தான் இவ்வளவும்."

மாமி தேத்தண்ணியைத் துப்பிவிட்டா.

16 ஏப்ரல்

சிவக்கொழுந்தக்கா நூலகத்துக்கு வந்தா. முதற்தடவை. அட்டை எழுதிக் கொடுத்து, என் கையாலேயே புத்தகத்தில் திகதி குத்திக் கொடுத்தேன். புத்தகத்தைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு போனா.

20 ஏப்ரல்

அந்தப் பக்கத்தில் இரவெல்லாம் வெளிச்சம் எரிந்ததாம். மாமி சொன்னா. ஒன்றும் கேட்கவேண்டாம் என்று எனக்குக் கட்டளை.

24 ஏப்ரல், வியாழன்

பத்து மணி இருக்கும். நூலகத்தில் மாஸ்டர் மட்டும். சிவக்கொழுந்தக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து என் மேசைக்கு முன்னால் நின்றா. புத்தகத்தை வைத்தா. நான் முத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"எப்பிடி அக்கா?" என்று கேட்டேன்.

கைப்பைக்குள் கையை விட்டு ஒரு பனங்கட்டிக் குட்டானை எடுத்தா. புதுக் குருத்தோலை, கழுத்தில் புதுச் சிவப்பு நூல். புத்தகத்துக்கு மேலே வைத்தா.

"இது நூலகப் புத்தகம் அக்கா. சும்மா திருப்பித் தரலாம்."

"நல்லதைத் தந்திட்டு வெறுமையாத் திருப்பித் தா எண்டுறீரோ?" என்று கேட்டுவிட்டு, மாஸ்டரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனா.

திகதித் துண்டில் முத்திரை குத்த எழுத்துத் தெரியவில்லை, கண் அப்படி. மாஸ்டர் மற்றப் பக்கம் திரும்பிப் பேப்பர் பார்த்தார், நல்ல மனுசன்.

குட்டான் இப்போது என் மேசை லாச்சிக்குள். வீட்டுக்குக் கொண்டு போனால் இவர் வர முதல் அலுமாரியில் வைத்துப் பூட்டவேணும்.